பெயரும் நிழலும் – உர்சுலா லெ குவினின் மாயப்புதினம் ஒன்றை முன்வைத்து

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கூடிவருதல் எளிய செயலன்று. கூடுவோர் சிலரே ஆயினும் கூட்டம் தவறாது நடந்துவந்துள்ளது. அதனை நடத்தி வந்தவர்களை முதற்கண் வாழ்த்துகின்றேன். இந்நன்னாளில் 'தன்னை அறிதல்' என்னும் பொருளில் ஏதேனும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு பேசுமாறு என்னைப் பணித்தார்கள். தமிழ் பயிற்றுவிப்பவள் ஆதலின் நம் இலக்கியத்திலிருந்தே ஒரு நூலை எடுப்பேன் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்கப் பெண் எழுத்தாளர் ஒருவர் இளையோர்க்கென எழுதிய மாயப்புதினம். உர்சுலா கே. லெ குவின் எழுதி 1968ஆம் ஆண்டில் வெளிவந்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' என்பது அது. 'எர்த்சீ நாட்டு மந்திரவாதி' என நாம் சொல்லிக்கொள்ளலாம்.

மந்திரவாதியும் டிராகனும் வரும் கதையில் கவிஞர்களுக்கு என்ன வேலை என்று ஒரு வினா எழலாம். அவ்வினா நியாயமானதே. அதற்கு இரண்டு விடைகள் உண்டு. இக்கதையில் மந்திரம் என்பது சொல்லேயாகும். ஒரு பொருளுக்கு உரிய சொல்லை அறிதலே அங்கு ஆற்றல். அது கவிஞரின் தொழிற்களம். இஃது ஒரு விடை. மற்றவரினின்றும் வேறுபட்டுப் பிறந்த சிறுவன் ஒருவன் அவ்வேறுபாட்டை என்ன செய்கின்றான் என்பதே இந்நூலின் கரு. இளமையில் அத்தனிமையை அறியாத கவிஞர் இவ்வவையில் இருப்பார் என நான் கருதவில்லை. இது மற்றொரு விடை.

ஆசிரியரும் நூலும்

லெ குவின் 1929இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிறந்தார். தந்தை ஆல்ஃபிரெட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியல் அறிஞர். தாய் தியோடரா குரோபர் எழுத்தாளர். அமெரிக்கப் பழங்குடியினரின் கதைகளும் சீனத்து லாவோ ட்சுவின் 'தாவ் தெ ஜிங்'கும் அவர் வளர்ந்த வீட்டில் இருந்தன. பிற்காலத்தில், 1997இல், அந்நூலைத் தம் நோக்கில் ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்டார். 2018ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆரகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் மறைந்தார்.

பதிப்பாளர் ஒருவர் இளையோர்க்கு ஒரு நூல் எழுதித் தருமாறு கேட்டபோது அவர் உள்ளத்தில் எழுந்த வினா எளியது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் நரைதாடிக் கிழவர்கள். அவர்கள் இளைஞராய் இருந்தபோது எப்படி இருந்தார்கள்? எங்கே கற்றார்கள்? எத்தகைய பிழைகளைச் செய்தார்கள்? இவ்வினாவே புதினமாக வளர்ந்தது. மந்திரம் கற்பிக்கும் பள்ளி என்றவுடன் இன்றைய இளைஞர்க்கு 1997இல் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசை நினைவுக்கு வரும். அதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன்னரே இப்பள்ளி எழுதப்பட்டுவிட்டது.

நூலின் களம் எண்ணற்ற தீவுகள் சிதறிக் கிடக்கும் ஒரு கற்பனைக் கடல். ஆசிரியர் எழுதத் தொடங்குமுன் அதன் நிலப்படத்தை வரைந்துகொண்டார். மலைத்தீவு, வணிகத்தீவு, மீனவர் குடில்கள் மட்டுமே உள்ள மணல்தீவு என ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது. புனைந்த உலகமே ஆயினும் அங்கும் ஆடு மேய்க்க வேண்டும். படகின் பழுது பார்க்க வேண்டும். மழை வந்தால் நனைய வேண்டும். கற்பனை இவ்வாறு மண்ணில் காலூன்றி நிற்பதே இந்நூலின் வலிமை.

கதைப்போக்கு

கோண்ட் என்னும் மலைத்தீவில், வெண்கலத் தொழில் செய்யும் கொல்லன் மகனாகக் கதைத்தலைவன் பிறக்கின்றான். ஓராண்டு நிறையுமுன்னரே தாயை இழக்கின்றான். தந்தை பேச்சற்றவர்போல் இறுகியவர். தாயின் தமக்கை அவ்வூரில் மந்திரம் தெரிந்தவள். அவள் ஆட்டை அழைக்கச் சொன்ன சொற்களைக் கேட்டிருந்த சிறுவன், பொருள் அறியாமலே அவற்றைத் திருப்பிச் சொல்கின்றான். ஆடுகள் அனைத்தும் வந்து அவனை நெருக்கிச் சூழ்கின்றன, விலக மறுக்கின்றன. அவன் அஞ்சி அழுதுகொண்டு ஊருக்குள் ஓடுகின்றான். தன் ஆற்றலை அவன் முதன்முதல் அறிவது பெருமையாக அன்று, அச்சமாக. ஆசிரியர் இந்நிகழ்ச்சியைக் கதையின் வாயிலில் வைத்திருப்பது நோக்கத்தக்கது.

அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது கார்க் நாட்டு வீரர்கள் ஊரைத் தாக்குகின்றனர். அவன் பனிமூட்டத்தை எழுப்பி ஊரைக் காக்கின்றான். செய்தி கேட்டு வரும் ஓகியன் என்னும் முதியவர் அவனது பதின்மூன்றாம் பிறந்தநாளில் ஓர் ஆற்றைக் கடக்கச் செய்து, அவன் காதில் மெய்ப்பெயரைச் சொல்கின்றார். கெட் என்பது அப்பெயர். ஊரார் அறிந்த வழக்குப்பெயரோ வல்லூறு.

ஓகியன் மழையை விலக்காதவர். மாணவன் நனைந்து நடுங்குகின்றான். ஆசானோ மழை பெய்யட்டும் என ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கின்றார். ஆற்றல் உடையவர் அதனைப் பயன்படுத்தாதிருப்பது ஏன் என்று சிறுவனுக்கு விளங்கவில்லை. விரைந்து கற்கும் வேட்கையால் அவரை விட்டு ரோக் தீவின் பள்ளிக்குச் செல்கின்றான். அங்கே ஜாஸ்பர் என்னும் உயர்குடி மாணவனின் ஏளனம் அவனைச் சுடுகின்றது. ஒரு வேனில் இரவில், தன் திறனைக் காட்ட, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த அரசியின் ஆவியை அழைக்கின்றான். அவள் உருவம் ஒரு கணம் தோன்றுகின்றது. ஆனால் அவ்வழியே உருவமற்ற கரிய நிழல் ஒன்றும் வெளிவந்து அவன் முகத்தைக் கிழிக்கின்றது. பிளந்த வாயிலை அடைப்பதற்குத் தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்ட தலைமை ஆசான் உயிர் துறக்கின்றார்.

எஞ்சிய கதை அந்நிழலின் கதை. முதலில் நிழல் அவனைத் துரத்துகின்றது. அவன் தீவு தீவாக ஓடுகின்றான். பின்னர் ஓகியனின் அறிவுரை கேட்டுத் திரும்பி நின்று, அவன் நிழலைத் துரத்துகின்றான். இறுதியில் நண்பன் வெட்ச் துணைவர, கிழக்கின் கடைசித் தீவையும் கடந்து, நிலமே இல்லாத கடற்பரப்பில் இருவரும் எதிர்ப்படுகின்றனர். அங்கே வாளும் இல்லை, போரும் இல்லை. இருவரும் ஒரே கணத்தில் ஒரே பெயரைச் சொல்கின்றனர். நிழலின் பெயரும் கெட் என்பதே.

பெயரின் ஆற்றல்

நன்னூல் பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துச் சொல்லும். எர்த்சீயில் மக்களும் பொருள்களும் அன்றாடம் தாங்கும் பெயர்கள் அத்தகையனவே. அவற்றின் அடியில், உலகம் தோன்றியபோதே உடன் தோன்றிய தொன்மொழியில், ஒவ்வொன்றிற்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அது பொருளைச் சுட்டுவதன்று, அதுவே பொருள். ஆகவே அதனை அறிந்தவன் கையில் அப்பொருள் கட்டுண்ணும். ஒருவர் தம் மெய்ப்பெயரைப் பிறரிடம் சொல்வது தம் உயிரை அவர் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பள்ளியின் ஆசிரியர்களுள் ஒருவர் பெயர்களை மட்டுமே கற்பிப்பவர். தனித்த கோபுரம் ஒன்றில், குளிரில், மாணவர் நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்கின்றனர். கடலுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அச்சொல்லால் கடல் முழுவதையும் கட்டுதல் இயலாது. ஒவ்வொரு வளைகுடாவுக்கும் ஒவ்வொரு கழிமுகத்துக்கும் தனிப்பெயர் உண்டு. பெருங்கடலை ஆளவேண்டின் அதன் ஒவ்வொரு துண்டின் பெயரையும் சொல்லியாக வேண்டும். அதற்கு எவர் வாழ்நாளும் போதாது. மந்திரத்திற்கு எல்லை இட்டதும் சொல்லே என்பதனை ஆசிரியர் இதனால் காட்டுகின்றார்.

கவிஞர் பெருமக்களே! 'கடல்' என்று எழுதிவிட்டால் கடல் வந்துவிடும் என்று நாம் நம்புகின்றோம். 'துயரம்' என்று எழுதிவிட்டால் துயரம் வந்துவிடும் என்று நம்புகின்றோம். பொதுச்சொல் எதனையும் அழைத்துவராது. எந்தக் கரை, எந்த அலை, எவருடைய எந்நாள் துயரம் என்று அறிந்தவன் சொல்லுக்கே பொருள் செவிசாய்க்கும். கோபுரத்தில் பட்டியல் படிக்கும் மாணவனின் சலிப்பு நமக்கும் உரியதே. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்னும் புலவர்களை அறிவோம். தாய்தந்தையர் இட்ட பெயர் மறைந்து, தாம் கண்டு சொன்ன ஓர் உவமையே பெயராய் நின்றவர்கள் அவர்கள். செம்மண் நிலத்தில் பெய்த நீரும் அணில் விளையாடும் முற்றமும் பொதுச்சொற்கள் அல்ல என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயரைப் பற்றிய இச்சிந்தனையின் அருகே வைத்து எண்ணத்தக்க ஒரு வரலாற்று நிகழ்ச்சி உண்டு. 1911ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், தன் இனத்தார் அனைவரும் அழிந்துபோக எஞ்சிய யாகி பழங்குடி மனிதர் ஒருவர் காட்டிலிருந்து வெளிவந்தார். அவரைச் சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கவைத்து ஆராய்ந்தவர்களுள் குரோபரும் ஒருவர். அம்மனிதர் 1916இல் இறக்கும்வரை தம் பெயரை எவரிடமும் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்லுதல் அவர் மரபில் தகாது. அவருக்காக அதனைச் சொல்லவோ அவர் இனத்தார் ஒருவரும் எஞ்சவில்லை. 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லாலேயே அவரை அழைத்தனர். அவர் வரலாற்றைத் தியோடரா குரோபர் எழுதி 1961இல் வெளியிட்டார். லெ குவின் பிறக்குமுன் நிகழ்ந்தது இது. இதிலிருந்தே புதினம் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆயினும், பெயரைக் காத்துக்கொள்ளுதல் ஒரு மனிதனின் இறுதி உடைமையாக இருக்கக்கூடும் என்பதனை அறிந்த குடும்பத்தில் வளர்ந்தவர் அவர் என்பதனை நினைவிற்கொள்ளல் தகும்.

வேறுபட்டவனின் செருக்கு

வேறுபட்டவரைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் ஓர் ஆறுதலைச் சொல்லி முடியும். நீ வேறுபட்டவன்; ஆகவே நீ உயர்ந்தவன்; ஒருநாள் உலகம் உன்னை அறிந்துகொள்ளும் என்பதே அவ்வாறுதல். லெ குவின் இதனைச் சொல்லவில்லை. வேறுபாடு தகுதியன்று. அது கையில் தரப்பட்ட ஒரு பொருள். அதனை என்ன செய்கின்றோம் என்பதில்தான் தகுதி தொடங்குகின்றது.

கெட்டின் செருக்கு எங்கிருந்து வந்தது? அவன் ஆற்றலிலிருந்து வரவில்லை, நாணத்திலிருந்து வந்தது. ஆடு மேய்த்தவன், மலைநாட்டுப் பேச்சுடையவன், நாகரிகம் அறியாதவன் என்று பிறர் தன்னை எண்ணுகின்றனர் என அவன் உள்ளம் ஓயாது சொல்கின்றது. ஜாஸ்பர் வணக்கம் சொன்னாலும் அதில் எள்ளலே அவன் காதில் விழுகின்றது. தன்னைத் தாழ்வாகக் கருதுவோன் தன்னை உயர்த்திக் காட்டத் துடிக்கின்றான். இறந்தோரை அழைத்த அவ்விரவில் அவன் வென்றெடுக்க நினைத்தது ஜாஸ்பரின் மதிப்பை அன்றி வேறொன்றுமில்லை.

ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்பில் இதனை நான் காண்கின்றேன். சிற்றூரிலிருந்து வந்து, தன் பேச்சு பிறர்க்கு நகைப்பாகுமோ என அஞ்சி, வாய்திறவாத மாணவி ஒருத்தி இருப்பாள். அதே அச்சத்தால் எல்லாரினும் உரக்கப் பேசும் மாணவன் ஒருவனும் இருப்பான். இருவர் நோயும் ஒன்றே. அவர்களிடம் 'நீ தனித்தன்மை உடையவள், தனித்தன்மை உடையவன்' என்று புகழ்ந்துரைப்பதால் நோய் தீர்வதில்லை.

எதனால் தீரும்? நூலில் அதற்கு ஒரு விடை உண்டு. அதுவே எனக்கு இப்புதினத்தின் உயிர்ப்பகுதியாகத் தோன்றுகின்றது. நிழலை விடுவித்த பின்னர்க் கெட் பல திங்கள் நோயுற்றுக் கிடக்கின்றான். எழுந்தபோது முகத்தில் வடு, பேச்சில் தயக்கம், முன்பு அவனைச் சூழ்ந்திருந்தோர் இப்போது இல்லை. இந்நிலையில் வெட்ச் விடைபெற வருகின்றான். கல்வி முடிந்து மந்திரக்கோல் பெற்று ஊர் திரும்பும் அவன், பிரியும் முன்னர்த் தன் மெய்ப்பெயரைக் கெட்டிடம் சொல்கின்றான். எஸ்டாரியல் என்பது அது. கேட்டவன் கையில் சொன்னவன் உயிர். ஒருவன் மரணத்திற்குக் காரணமாகி, தன்மீது தனக்கே நம்பிக்கை அற்றுக் கிடக்கும் ஒருவனிடம் அவன் இதனைக் கொடுக்கின்றான். புகழ்ச்சியோ அறிவுரையோ ஒன்றும் இல்லை. கெட்டும் தன் பெயரைத் திருப்பித் தருகின்றான்.

தன்னை அறிதல் தனியே நிகழும் ஒன்று என்பது பலர் கருத்து. மலையுச்சியில் அமர்ந்து அறிவதாகக் கதைகள் கூறும். இப்புதினத்தில் அது நண்பனின் நம்பிக்கையில் தொடங்குகின்றது. இறுதிக் கடலிலும் அதே நண்பன் படகில் அமர்ந்திருக்கின்றான். அவன் போரிடவில்லை, உடனிருக்கின்றான். வெட்சும் வேறுபட்டவனே, கருநிறத்தவன், அழகிய தோற்றம் இல்லாதவன், ஒளிவுமறைவின்றிப் பேசுபவன். ஆனால் எதனையும் மெய்ப்பித்துக் காட்டவேண்டும் என்னும் தேவை அவனுக்கு இல்லை. கதைத்தலைவன் கெட்டாயினும், நூல் முழுவதும் முதிர்ந்த மனிதனாக வாழ்பவன் வெட்சே எனலாம்.

நிழல் யாருடையது?

நிழலைப் பற்றிப் பேசுவோர் உளவியல் அறிஞர் யுங்கின் கோட்பாட்டை உடன் சுட்டுவர். இந்நூலை எழுதியபோது தாம் யுங்கைப் படித்திருக்கவில்லை என்று லெ குவின் கூறியுள்ளார். பின்னர்ப் படித்து, 1975இல் 'குழந்தையும் நிழலும்' என்னும் பொருளில் ஒரு கட்டுரை வரைந்தார். அதில் அவர் எடுத்துக்கொண்ட சான்று டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1847இல் எழுதிய 'நிழல்' என்னும் கதை. அக்கதையில் அறிஞன் ஒருவன் தன் நிழலைத் தன்னைவிட்டுப் போகவிடுகின்றான். அது உலகில் செல்வாக்குப் பெற்றுத் திரும்பிவந்து, அறிஞனையே தன் நிழலாக்கி, முடிவில் அவனைக் கொல்விக்கின்றது.

இரண்டையும் ஒப்பிட்டால் லெ குவினின் முடிவின் அருமை விளங்கும். ஆண்டர்சனின் அறிஞன் நன்மையும் அழகும் மட்டுமே தனக்குரியவை எனக் கொண்டவன். தன் இருளை உரிமை கொண்டாடாதவன். ஆகவே அது அயலானாகி அவனை அழித்தது. கெட்டும் நெடுங்காலம் நிழலை அயற்பொருளாகவே கருதி ஓடுகின்றான். அதன் பெயர் தெரிந்தால் அதனைக் கட்டிவிடலாம் என நினைக்கின்றான்.

இவ்விடத்தில் அவனுக்கு இருமுறை சோதனை வருகின்றது. ஒன்று, பெண்டோர் தீவின் கிழட்டு டிராகனிடம். பழைய வரலாறுகளைக் கற்றிருந்த கெட் அதன் மெய்ப்பெயரை உய்த்துணர்ந்து அதனைப் பிணித்துவிடுகின்றான். உன்னைத் துரத்தும் நிழலின் பெயரை நான் சொல்கின்றேன், என்னை விடு என்று அது விலை பேசுகின்றது. தன் உயிரைக் காக்கும் சொல் எட்டும் தொலைவில் இருக்கின்றது. அவனோ அதனைக் கேளாமல், தீவு மக்களை டிராகன்கள் இனி அணுகாதிருக்க வேண்டும் என்னும் உறுதிமொழியை மட்டும் பெறுகின்றான். மற்றொன்று, வடதிசை ஓஸ்கில் தீவில் உள்ள தொன்மையான தீய கல். அதுவும் பெயரைச் சொல்லவல்லது. ஆனால் கேட்டவன் அதற்கு அடிமையாவான். அங்கும் மறுக்கின்றான்.

இவ்விரு மறுப்புகளும் இல்லையெனில் இறுதிக் காட்சிக்குப் பொருள் இல்லை. அவன் பெயர் அவனுக்கே தெரிந்ததுதான். பதின்மூன்று வயதில் ஆற்றங்கரையில் காதில் விழுந்ததுதான். அதனைப் பிறரிடமிருந்து விலைகொடுத்து வாங்கியிருப்பின் அது வெறும் செய்தியாக இருந்திருக்கும். 'இத்தீமை என்னுடையது' என்று தானே வாய்திறந்து சொன்னதனால்தான் அவன் விடுதலை பெறுகின்றான். தன் பெயரால் அழைத்ததனால் நிழல் நல்லதாகிவிடவில்லை. இறந்த ஆசான் மீண்டு வரவில்லை. முகத்து வடு மறையவில்லை. ஆனால் இனி அந்நிழலைக் காட்டி எவரும் அவனை அச்சுறுத்தவோ ஏவவோ இயலாது. ஆசிரியர் நமக்கு வழங்குவது இவ்வளவே. இது சிறிதன்று.

நிறம்

வேறுபாடு பற்றிப் பேசும்போது நிறத்தைப் பற்றிச் சொல்லாதிருத்தல் கூடாது. கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் கருநிறத்தவன், கொள்ளையிட வரும் கார்க் மக்களே வெண்ணிறத்தவர். ஆங்கில மாயப்புதின மரபில் வீரன் வெள்ளையனாகவே இருந்த 1968ஆம் ஆண்டில் ஆசிரியர் இதனை வேண்டுமென்றே செய்தார். ஆனால் பறைசாற்றவில்லை. கதை நடக்கும் போக்கில் ஓரிரு சொற்களில் சொல்லிச் செல்கின்றார். கதைத்தலைவனோடு ஒன்றிவிட்ட பின்னரே வாசகன் அவன் நிறத்தை அறிகின்றான்.

நூலில் எழுதப்பட்ட இந்நிறத்தை வெளியுலகம் எளிதில் ஏற்கவில்லை. பல பதிப்புகளின் அட்டைப்படங்களில் கெட் வெள்ளையனாகவே வரையப்பட்டான். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடரிலும் வெள்ளை நடிகரே அவனாக நடித்தார். லெ குவின் அதனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். தன் மெய்ப்பெயரைக் கண்டடைந்த ஒருவனை மீண்டும் பிறர் தாம் விரும்பிய உருவில் மாற்றி எழுதுவது, நூலுக்கு வெளியே நிகழ்ந்த ஒரு கொடிய முரண்.

நூலின் நிழல்

இனி, ஒரு பெண் என்னும் நிலையில் நான் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு.

ரோக் பள்ளியில் பெண்கள் இல்லை. மாணவரும் ஆடவர், ஆசானும் ஆடவர். பெண்களின் மந்திரம் வலுவற்றது, பெண்களின் மந்திரம் தீயது என்னும் கருத்துடைய இரு பழமொழிகள் கோண்ட் தீவில் வழங்குவதாக நூலின் தொடக்கத்திலேயே சொல்லப்படுகின்றது. கெட்டின் ஆற்றலை முதலில் கண்டவள் அவன் பெரியம்மா. முதற்பெயர்களைக் கற்பித்தவளும் அவளே. ஆயினும் அவளை அறியாமை மிக்கவளாகவே நூல் காட்டுகின்றது. ஓஸ்கிலில் வரும் செரெட் மயக்கி வீழ்த்த முயல்பவள். வெட்சின் தங்கை இனியவள். ஆனால் அடுக்களைக்கு உரியவள். ஆடவன் உலகெங்கும் பயணம் செய்து தன்னை அறிகின்றான். பெண்ணோ சோதனையாகவோ ஆறுதலாகவோ வழியில் நிற்கின்றாள். எழுதியவர் ஒரு பெண் என்பதனால் இக்குறை சிறிதாகிவிடாது.

இக்குறையைச் சுட்டி நூலை ஒதுக்கிவிடலாம். அல்லது அக்காலத்து வழக்கம் என்று சொல்லி மூடிவிடலாம். லெ குவின் இரண்டையும் செய்யவில்லை. 1971இல் வெளியான இரண்டாம் நூலில், குழந்தைப் பருவத்திலேயே பெயர் பறிக்கப்பட்டு இருட்கோயில் ஒன்றின் பூசாரிணியாக்கப்பட்ட தெனார் என்னும் பெண்ணைத் தலைவியாக்கினார். 1972இல் வந்த மூன்றாம் நூலில் கெட் உலகைக் காக்கும் பொருட்டுத் தன் ஆற்றல் அனைத்தையும் இழக்கின்றான். அது 1973ஆம் ஆண்டின் தேசிய நூல் விருதினைப் பெற்றது. வரிசை அத்துடன் முடிந்தது என உலகம் கருதியது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், 'தெஹானு' வெளிவந்தது. இப்போது தெனார் நடுவயதுக் கைம்பெண், பண்ணைவீட்டில் வாழ்பவள். கெட் ஆற்றல் இழந்து ஊர் திரும்பி, மீண்டும் ஆடு மேய்க்கின்றான். கதையின் மையத்தில் இருப்பவள் தேரு என்னும் சிறுமி. தன்னைப் பேணவேண்டியவர்களாலேயே அடித்துத் தீயில் தள்ளப்பட்டு, முகத்தின் ஒரு பாதியும் ஒரு கையும் கருகியவள். ஊரார் அவளைக் காண அஞ்சுகின்றனர்.

முதல் நூலில் வேறுபாடு என்பது பிறவியில் வந்த ஆற்றல். தெஹானுவில் அது பிறர் இழைத்த கொடுமையின் வடு. கெட்டின் முகத்து வடு அவன் செருக்கின் விளைவு; தேருவின் வடுவுக்கு அவள் எவ்வகையிலும் காரணம் அல்லள். ஆகவே 'உன் நிழலை ஏற்றுக்கொள்' என்னும் முதல் நூலின் அறம் அவளுக்குப் பொருந்தாது. அவளைச் சுட்டவர்களின் நிழலை அவள் ஏற்க வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியது அவளைக் கண்டு முகம் திருப்பாத ஒருவர். தெனார் அவ்வாறு இருக்கின்றாள். இறுதியில் சிறுமியின் மெய்ப்பெயரை ஒரு டிராகன் சொல்கின்றது. ஆடவர் பள்ளியின் எந்த ஆசானுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையொன்றில் லெ குவின் இம்மாற்றத்தை விரிவாகப் பேசினார். முதல் நூல்களைத் தாம் எழுதியது ஆடவரை மையமாகக் கொண்ட வீரக்கதை மரபிற்குள் நின்றே என்பதனை அவர் மறைக்கவில்லை. தெஹானுவை விரும்பாத வாசகர் பலர் உண்டு. தாம் நேசித்த மந்திரவாதியை அவர் சிறுமைப்படுத்திவிட்டார் என்பது அவர்கள் குறை. நான் அவ்வாறு கருதவில்லை. தம் நூலின் நிழலைத் திரும்பி நோக்கி, இது என்னுடையது என்று தம் பெயரால் அழைத்தவர் அவர். கெட்டுக்கு எழுதிய முடிவை ஆசிரியர் தமக்கும் பொருத்திக்கொண்டார். படைப்பாளரிடம் இதனினும் மேலான நேர்மையை நாம் எதிர்பார்த்தல் அரிது.

நிறைவாக

நண்பர்களே! பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் கவிதைகள் படிக்கப்படுகின்றன. அவற்றுள் பல, சமூகத்தின் தீமைகளைச் சுட்டுவன. அது வேண்டற்பாலதே, தேருவைச் சுட்டவர்களைப் பெயர் சொல்லிச் சுட்டத்தான் வேண்டும். ஆனால் சுட்டும் விரல் எப்போதும் வெளிநோக்கியே இருப்பின், ஆண்டர்சனின் அறிஞன் நிலை நமக்கும் நேரும். அழகும் நன்மையும் நம் பக்கம், இருள் முழுவதும் பிறர் பக்கம் என எழுதப்படும் கவிதையில் சொற்கள் ஒலிக்கும். எதுவும் வந்து நிற்காது. எந்நிழல் பிறர் நம்மேல் இட்டது, எந்நிழல் நாமே விடுவித்தது எனப் பிரித்தறிதல் கடினம். அப்பகுத்தறிவே தன்னை அறிதலின் முதற்படி என்பதனை முதல் நூலையும் தெஹானுவையும் சேர்த்துப் படிக்கும்போது உணர்கின்றோம்.

வெட்ச் தன் பெயரைச் சொன்ன அக்காட்சியையும் மறவாதிருப்போம். ஓர் இலக்கிய வட்டத்தின் பணி அதுவே என எனக்குத் தோன்றுகின்றது. தம் சொல்மீது நம்பிக்கை இழந்து, கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் இளங்கவிஞரிடம் திருத்தங்களைச் சொல்லுமுன், நாம் எழுதித் தோற்ற ஒன்றை அவரிடம் படித்துக் காட்டலாம். அவரும் தம்முடையதைத் தருவார். இவ்வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் தழைக்க வேண்டும் என வாழ்த்தி அமைகின்றேன்.